பழைய வானின் முன் தொங்கலில் ஷிம்: தேடுதலும் பொருத்துதலும்

அவிசாவளையில் தொடங்கி ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதி நானுஓயாவை அடையும்போது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்துக்கு வந்துவிடுகிறது. அந்த வீதியிலிருந்து தோட்டங்களுக்குப் பிரியும் கிளை வழிகளோ தாரும் கல்லும் மாறி மாறி வருவன, மழைக்காலத்தில் குழியும் சேறுமாகக் கிடப்பன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், 1980களில் தயாராகி, ஜப்பானில் ஓடியபின் இலங்கைக்கு வந்து சேர்ந்த டொயோட்டா ஹயஸ், நிசான் கரவன் போன்ற வான்கள் பாடசாலைப் பிள்ளைகளையும் மரக்கறி மூட்டைகளையும் சுமந்தபடி இவ்வழிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் முன்சில்லுகள் நேராக நிற்பதற்குப் பொறுப்பான மிகச் சிறிய உதிரிப்பாகம் ஷிம்; பட்டறைகளில் மிக அலட்சியமாகக் கையாளப்படுவதும் அதுவே.

ஷிம் என்பது குறித்த தடிப்புள்ள ஒரு தட்டையான உருக்குத் தகடு. சில்லையும் சட்டத்தையும் இணைத்து, சில்லு மேலும் கீழும் அசைய இடந்தரும் உறுப்புகளின் தொகுதியே தொங்கல் தொகுதி. பட்டறை வழக்கில் சஸ்பென்ஷன். மேற்கூறிய வகை வான்களில் ஒவ்வொரு முன்சில்லையும் மேல் கை, கீழ் கை என்னும் இரண்டு கைகள் தாங்குகின்றன. மேல் கை திரும்பும் தண்டு இரண்டு போல்ட்டுகளால் சட்டத்தின் தாங்கியோடு இறுக்கப்பட்டிருக்கும். அந்தத் தண்டுக்கும் தாங்கிக்கும் இடையில், முன் போல்ட்டில் ஓர் அடுக்கும் பின் போல்ட்டில் ஓர் அடுக்குமாக ஷிம்கள் செருகப்படுகின்றன. அடுக்கின் தடிப்பு மாறும்போது மேல் கை உள்ளேயோ வெளியேயோ நகர்வதால், சில்லின் சாய்வும் மாறுகிறது.

அந்தச் சாய்வு இரு வகைப்படும். வானுக்கு நேர் எதிரே நின்று பார்க்கும்போது சில்லின் தலை வெளியே சாய்ந்திருந்தால் நேர் கேம்பர் என்றும், உள்ளே சாய்ந்திருந்தால் எதிர் கேம்பர் என்றும் சொல்லப்படும். பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது, கைகளைச் சில்லுப் பக்கத்தோடு பிணைக்கும் மேல் போல் ஜொயின்ட்டையும் கீழ் போல் ஜொயின்ட்டையும் இணைக்கும் கற்பனைக் கோடு மேற்புறத்தில் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது நேர் காஸ்டர். வளைவிலிருந்து வெளிவரும் வானின் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்புவதில் பெரும்பங்கு இதற்கு உண்டு. இக்கோணங்கள் பாகையிலும், பாகையின் அறுபதில் ஒரு பங்கான கலையிலும் அளக்கப்படுகின்றன. இரண்டு போல்ட்டிலும் ஒரே தடிப்பைக் கூட்டினாலோ குறைத்தாலோ கேம்பர் மட்டும் மாறும். ஒரு போல்ட்டிலிருந்து எடுத்து மற்றதில் இட்டால் காஸ்டர் மாறும்.

ஷிம் சேர்த்தால் கேம்பர் கூடுமா குறையுமா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். மேல் கையின் தண்டு தாங்கியின் வெளிப்புறத்தில், அதாவது சில்லுப் பக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தால், சேர்க்கப்படும் ஷிம் கையை வெளியே தள்ளி நேர் கேம்பரைக் கூட்டும். தண்டு தாங்கியின் உட்புறத்தில் இருந்தால் அதே ஷிம் கையை உள்ளே இழுத்து எதிர் விளைவைத் தரும். வெளிப்புறத் தண்டில் முன் போல்ட்டுக்கு மட்டும் ஷிம் சேர்த்தால் மேல் போல் ஜொயின்ட் சற்றுப் பின்னே நகர்ந்து நேர் காஸ்டர் கூடும்; உட்புறத் தண்டில் அதே பலனைப் பெறப் பின் போல்ட்டில் சேர்க்க வேண்டும். மற்றொரு மாடலில் செய்து பழகிய கை, வண்டியைக் குனிந்து பாராமல் ஷிம்மைச் செருகுவதே இவ்வேலையில் அதிகம் காணப்படும் பிழை.

ஷிம்மைத் தொடுவதற்கு முன்

ஷிம் சட்டத்தின் உற்பத்தி வேறுபாட்டையும், ஆண்டுக்கணக்கில் அது சிறிது தளர்ந்து இறங்கியதையும் ஈடுசெய்வதற்காக ஏற்பட்டது. தேய்ந்த பாகத்தை மறைப்பதற்காக அன்று. தண்டில் மேல் கை திரும்பும் இடத்திலுள்ள ரப்பர் புஷ் நைந்து கை உள்ளே சரிந்திருக்கும் வானில் 3 மில்லிமீற்றர் ஷிம் செருகி அளவைச் சரிக்கட்டினால், அடுத்த மாதம் புது புஷ் போடப்படும் நாளில் அந்த 3 மில்லிமீற்றரும் பிழையாக மாறிவிடும். ஆகவே சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது முதற்காரியம். ஆட்டம் தெரிந்தால், உதவியாளர் ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க மீண்டும் ஆட்ட வேண்டும். அப்போது ஆட்டம் மறைந்தால் குறை சில்லு பெயாரிங்கில், மறையாவிட்டால் போல் ஜொயின்ட்டிலோ புஷ்ஷிலோ. இவை சரியாகும்வரை ஷிம் பெட்டியைத் திறப்பதில் பயனில்லை.

அடுத்தது வண்டியின் உயரம். இவ்வான்களிற் பலவற்றில் சுருள் வில்லுக்குப் பதிலாக டோர்ஷன் பார் உள்ளது; ஒரு முனை சட்டத்திலும் மறுமுனை கையிலும் பிடிக்கப்பட்டு, முறுக்கப்படுவதன் மூலம் எடையைத் தாங்கும் நீண்ட உருக்குத் தண்டு அது. பல ஆண்டுகள் பாரம் சுமந்து டோர்ஷன் பார் தளர்ந்தால் முன்பக்கம் தாழ்ந்து, கைகளின் கோணம் மாறி, கேம்பரும் அதனோடு மாறுகிறது. எனவே வண்டிக்குரிய கையேட்டில் உள்ள உயரத்தை, பாரின் நங்கூர போல்ட்டைத் திருப்பி முதலில் கொண்டுவந்து, வானைச் சில மீற்றர் முன்னும் பின்னும் உருட்டி, முன்பக்கத்தை அழுத்திக் குலுக்கிய பிறகே கோணம் அளக்கப்பட வேண்டும்.

டயரின் தேய்மானம் குறை சொல்லும் சாட்சி என்றாலும், மலையகத்தில் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தே ஏற்க வேண்டியிருக்கிறது. சமவெளியில் ஓடும் வானின் முன்டயர் ஒரு தோளில் மட்டும் தேய்ந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். கொண்டை ஊசி வளைவுகளில் நாள்தோறும் ஏறி இறங்கும் வானிலோ, கோணங்கள் சரியாக இருந்தாலும் இரண்டு முன்டயர்களின் வெளித்தோள்களும் தேய்வது இயல்பு. இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் வளைவுகளின் வேலை என்றும், ஒரு பக்கம் மட்டும் வேறுபட்டால் அந்தப் பக்கத்தின் கேம்பர் என்றும், கையால் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் அரம் போலவும் தட்டுப்பட்டால் டோ-இன் என்றும் கொள்ளலாம். டோ-இன் என்பது மேலிருந்து பார்க்கையில் இரு முன்சில்லுகளின் முன்விளிம்புகளும் ஒன்றையொன்று நோக்கிச் சற்றே குவிந்திருப்பது.

ஷிம் கிடைக்கும் இடமும் கிடைக்காதபோது செய்வதும்

கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை, பழைய ஜப்பானிய வாகனங்களின் உதிரிப்பாகத்துக்கு இன்றும் நாடு முழுவதும் பெயர்பெற்ற தெரு. அங்கே கேட்கச் செல்பவர் வானின் வருடத்தைச் சொல்லாமல் சட்ட எண்ணையும் மாடல் குறியையும் எழுதிச் செல்வது நலம், ஏனெனில் ஒரே பெயரில் ஓடிய வான்களுக்குள் போல்ட்டின் தடிப்பும் போல்ட்டுகளின் இடைவெளியும் மாறியிருக்கக்கூடும். பழைய ஷிம் ஒன்றைக் கழற்றி மாதிரியாக எடுத்துச் செல்வது எல்லாவற்றிலும் நம்பகமானது. நுவரெலியாவிலோ ஹட்டனிலோ உள்ள கடையொன்றின் மூலம் பஸ்ஸில் வரவழைப்பவர்கள், துளையின் அகலத்தையும் தகட்டின் நீள அகலத்தையும் மில்லிமீற்றரில் எழுதிக் கொடுக்கலாம். 1, 2, 4 மில்லிமீற்றர் தடிப்புகளில் ஒவ்வொன்று கையிலிருந்தால் 1 முதல் 7 வரை எந்த முழு மில்லிமீற்றரையும் கூட்டிவிடலாம் என்பதால், நாலு போல்ட்டுகளுக்கும் அந்த மூன்று தடிப்புகளில் ஒரு தொகுதி வீதம் வாங்குவதே போதுமான முதலீடு.

உடைப்புக்குப் போன வானிலிருந்து எடுக்கப்படும் ஷிம் விலை மலிவானது. ஆனால் மழையும் மூடுபனியும் நீங்காத இப்பிரதேசத்தில், அதிலும் உரமூட்டை ஏற்றிய வானில், அது அரிதாகவே முழுமையாகக் கிடைக்கிறது. துரு வெளியிலிருந்து தகட்டைத் தின்பதோடு நிற்பதில்லை. இரண்டு தகடுகளுக்கு இடையில் புகுந்து, உருக்கைவிடப் பருமன் கூடிய படலமாக வளர்ந்து, அடுக்கையே பிதுக்குகிறது. 4 மில்லிமீற்றர் என்று கழற்றப்பட்ட அடுக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்தபின் வேர்னியரில் அளந்தால் அளவு குறைந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆகையால் பழைய அடுக்கின் தடிப்பு, கழற்றும்போது ஒருமுறையும் சுத்தம் செய்தபின் ஒருமுறையும் அளக்கப்பட வேண்டும். சில்லு நின்ற கோணத்தைத் தந்தது முதல் அளவு, இனிப் பொருத்தப் பயன்படுவது இரண்டாம் அளவு.

கடையில் கிடைக்காதபோது லேத் பட்டறையில் வெட்டிக்கொள்ளலாம். இலங்கையின் இரும்புக் கடைகளில் தகட்டின் தடிப்பைக் கேஜ் எண்ணில் சொல்லும் பழைய பிரித்தானிய வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை: அந்தக் கணக்கில் 14 கேஜ் ஏறத்தாழ 2.03 மில்லிமீற்றர், 16 கேஜ் 1.63, 18 கேஜ் 1.22, 20 கேஜ் 0.91. எண் கூடக் கூடத் தடிப்பு குறையும். கடைக்காரர் சொல்லும் கேஜை நம்பாமல் வேர்னியரால் அளந்து வாங்க வேண்டும். பூச்சில்லாத மென்னுருக்குத் தகடே இதற்கு உகந்தது. நாகம் பூசிய கூரைத் தகரம், பானத் தகரக்குவளை, அலுமினியத் துண்டு ஆகியவற்றை எவ்வளவு அவசரத்திலும் தவிர்க்க வேண்டும். மென்மையான பூச்சும் மென்மையான உலோகமும் இறுக்கத்தின் கீழ் மெல்ல நசுங்க, நசுங்கிய அளவுக்கு போல்ட்டின் இழுவிசை தளர்ந்து, ஒருநாள் அடுக்கே ஆடத் தொடங்கும். ஷிம்முக்குத் தடிப்பாகப் பெயின்ட் அடிப்பதும் இதே காரணத்தால் தவறு. துருவுக்கு அஞ்சுபவர், அடுக்கை இறுக்கியபின் வெளிவிளிம்புகளில் மட்டும் கிறீஸ் தடவினால் போதும்.

வாயு வெட்டு தகட்டை நெளிக்கும் என்பதால் கத்தரி இயந்திரத்தாலோ வாளாலோ வெட்டி, விளிம்பில் எழும் பிசிரை அரத்தால் முழுவதும் நீக்க வேண்டும், 0.1 மில்லிமீற்றர் பிசிர் இருந்தாலும் தகடு முழுமுகமாக அமராது. தயாரான ஷிம்மைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, விரலால் ஒவ்வொரு மூலையாக அழுத்தும்போது ஆடாமல் இருந்தால் அது தட்டையானது. மெல்லிய தகடுகள் பலவற்றை அடுக்குவதைவிடத் தடித்த ஒன்றும் மெல்லிய ஒன்றுமாக இடுவது நல்லது. அடுக்கில் தகடுகளின் எண்ணிக்கை கூடுந்தோறும் அது வில்போல் நடந்துகொள்ளும்.

அளத்தல்

நானுஓயாவில் இயற்கையான சமதரை கிடைப்பது அரிது. ஆனாலும் இவ்வேலையின் உண்மை தரையிலிருந்தே தொடங்குகிறது. முன்சில்லுகளின் இடைவெளி 1,400 மில்லிமீற்றர் உள்ள வானில், ஒரு சில்லு மற்றதைவிட 10 மில்லிமீற்றர் தாழ நின்றாலே வண்டி ஏறத்தாழ 25 கலை சாய்ந்துவிடும். திருத்த முற்படும் பிழையே பெரும்பாலும் அந்த அளவுதான். கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாய், அதாவது தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் நீண்ட குழாய், இங்கே விலையுயர்ந்த கருவிகளுக்கு ஈடாக உதவுகிறது: நான்கு சில்லுகளும் நிற்கும் இடங்களை அதனால் சரிபார்த்து, தாழ்ந்த இடங்களில் பலகையோ தகடோ இட்டு உயர்த்திக்கொள்ளலாம். முன்சில்லுகளின் கீழ் நடுவில் கிறீஸ் தடவிய இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், இறக்கப்படும் சில்லு பக்கவாட்டில் தடையின்றி வழுக்கித் தன் இயல்பான நிலைக்கு வரும்.

மட்காட்டிலிருந்து தூக்குநூல் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல்விளிம்புக்கும் உள்ள தூரத்தையும், நூலுக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள தூரத்தையும் அளந்தால் கேம்பர் கைக்கு வந்துவிடும். உதாரணமாக, ரிம்மின் விளிம்புக்கு விளிம்பு 380 மில்லிமீற்றர் இருக்க, மேல் அளவு கீழ் அளவைவிட 5 மில்லிமீற்றர் கூடுதலானால் சில்லின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறது. 5ஐ 380ஆல் வகுத்து 57.3ஆல் பெருக்க 0.75 பாகை, அதாவது 45 கலை எதிர் கேம்பர். ரிம் நெளிந்திருந்தால் அளவு பொய்க்கும் என்பதால், சில்லை அரைச் சுற்றுத் திருப்பி மீண்டும் அளந்து, இரண்டின் சராசரியை எடுப்பது வழக்கம்.

எவ்வளவு தடிப்பு தேவை என்பதையும் அதே எண்கள் சொல்லும். மேல் போல் ஜொயின்ட்டுக்கும் கீழ் போல் ஜொயின்ட்டுக்கும் இடைப்பட்ட உயரம் 240 மில்லிமீற்றர் என்று அளக்கப்பட்டால், அந்த 5 மில்லிமீற்றர் வேறுபாட்டை முழுதாக நீக்க 5ஐ 240ஆல் பெருக்கி 380ஆல் வகுத்து, ஏறத்தாழ 3.2 மில்லிமீற்றர் ஷிம் இரண்டு போல்ட்டிலும் மாற்ற வேண்டும். 1 மில்லிமீற்றர் ஷிம் இவ்வகை வானில் 14 கலை அளவுக்கு கேம்பரை மாற்றும் என்பதும் இதிலிருந்து தெரியும். 240 என்பது கணக்கை விளக்க எடுத்த எண். ஒவ்வொருவரும் தம் வானின் அளவையே இட வேண்டும், சில்லு நிற்க வேண்டிய கோணத்தையும் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். வாகனங்கள் இடப்பக்கம் ஓடும் நாட்டில் வீதியின் முதுகுச்சரிவு வண்டியை இடப்பக்கம் இழுக்கும் என்பதற்காக, இடச்சில்லுக்குச் சிறிது அதிகக் காஸ்டர் வைத்து ஈடுசெய்யும் வழக்கம் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் சரிவு பக்கம் மாறும் மலைவீதியில் அந்த ஈடு வீணானது. இரண்டு பக்கமும் சமமாக வைப்பதே இங்கு பொருந்தும்.

பொருத்துதல்

வேலை தொடங்குமுன் டோர்ஷன் பார் எந்தக் கையோடு இணைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கீழ் கையோடு இணைந்திருந்தால், அதன் போல் ஜொயின்ட்டுக்கு அருகில் ஜாக் வைத்துத் தாங்கினால் மேல் கையின் தண்டு பெரும்பாலும் சுமையற்று நிற்கும். மேல் கையோடு இணைந்திருந்தால், நங்கூர போல்ட்டின் சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு பாரின் முறுக்கை முழுதாகத் தளர்த்தாமல் தண்டின் போல்ட்டைத் தொடுவது உயிருக்கு ஆபத்தானது. பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பதும், சட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்துவதும், ஜாக்கை மட்டும் நம்பி வானின் கீழ் படுக்காமலிருப்பதும் சரிவான முற்றங்கள் நிறைந்த இவ்வூரில் பேச்சுக்கிடமற்றவை.

துளை வெட்டப்பட்ட ஷிம்மானால் போல்ட்டைக் கழற்றியே செருக முடியும். பக்கவாட்டில் வாய் திறந்த லாடவடிவ ஷிம்மானால் போல்ட்டைத் தளர்த்தினாலே போதும். இரண்டு போல்ட்டுகளையும் ஒருசேரத் தளர்த்தாமல், ஒன்றை ஓரிரு இழைப் பிடிப்பில் விட்டு மற்றதைத் தளர்த்தி, நெம்புகோலால் தண்டைச் சற்று விலக்கிப் பழைய அடுக்கை எடுக்க வேண்டும். எடுத்த உடனே அடுக்கைக் கம்பியால் கட்டி, இட முன், இட பின், வல முன், வல பின் என்று எழுதிய துண்டைச் சேர்த்துக் கட்டாவிட்டால், மாலைக்குள் நாலு அடுக்குகளும் ஒரே பேசினில் கலந்து, வண்டி எந்த அளவிலிருந்து புறப்பட்டது என்ற தகவலே அழிந்துபோகும். புதிய ஷிம்மை விலை கொடுத்து வாங்கிவிடலாம். இந்தத் தகவலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

தாங்கியின் முகத்தில் ஒட்டிய துருவையும் மண்ணையும் சுரண்டி உலோகம் தெரியவைத்து, தடித்த தகட்டைத் தாங்கிப் பக்கமாகவும் மெல்லியதை அதன்மேலும் வைத்து, லாடவடிவ ஷிம்மின் வாய் கீழ்நோக்கியிருக்குமாறு போல்ட்டின் மேல் அமர்த்த வேண்டும். போல்ட் தளர்ந்தாலும் அவ்வாறு அமர்ந்த தகடு உடனே கழன்று விழாது. அடுக்கு தடித்தபின் நட்டுக்கு வெளியே போல்ட்டின் இழை இரண்டு மூன்றாவது நீண்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். நீளாவிட்டால் அதே தரத்தில் நீளமான போல்ட் தேவை, சாதாரணக் கடை போல்ட் ஆகாது. அடுக்கின் மொத்தத் தடிப்புக்கும், முன் பின் அடுக்குகளுக்கிடையிலான வேறுபாட்டுக்கும் தயாரிப்பாளர் எல்லை வைத்திருப்பார். அந்த எல்லை தாண்ட வேண்டியிருந்தால் வளைந்த கையையோ விரிசலுற்ற தாங்கியையோ தேட வேண்டும். இறுதி இறுக்கம் கையேட்டில் உள்ள அளவுக்கு டொர்க் ரென்சினால் செய்யப்படுவதே முறை. புஷ்ஷின் முனை நட்டுகளும் தளர்த்தப்பட்டிருந்தால், வான் சில்லுகளில் நின்று தன் உயரத்துக்கு வந்த பிறகே அவை இறுக்கப்பட வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியபடியே நின்று விரைவில் கிழியும்.

கேம்பர் மாறினால் டோ-இன்னும் மாறும் என்பதால், ஷிம் வேலை முடிந்த வானை, டோ-இன்னைத் தீர்மானிக்கும் டை-ரொட்டைச் சரிசெய்யாமல் வீதிக்கு அனுப்புவது அரை வேலை.

வேறு அமைப்புள்ள வான்கள்

1967 வரை தயாரான வோக்ஸ்வாகன் கொம்பியில் ஷிம் என்ற பெயர் வேறொரு பொருளைக் குறிக்கும்: அங்கே அவை கையைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் பின்னின் மேல் மோதிரம்போல் அமரும் தகடுகள், அவற்றின் மொத்த எண்ணிக்கையை மாற்றாமல், கையின் இரு பக்கங்களுக்கும் பங்கிடுவதன் மூலம் சாய்வு சரிசெய்யப்படுகிறது. 1967 ஓகஸ்டில் அறிமுகமான அடுத்த தலைமுறையில் போல் ஜொயின்ட் வந்தபின் கேம்பரை மேல் போல் ஜொயின்ட்டின் மையம் விலகிய புஷ் ஒன்றே தீர்மானிப்பதால், அந்த கொம்பிக்கு ஷிம் தேடுபவர் இல்லாத பொருளைத் தேடுகிறார். முன்பக்கம் முழு அச்சும் பட்டை வில்லும் கொண்ட பழைய வான்களில் காஸ்டரை மாற்ற வில்லுக்கும் அச்சுக்கும் இடையில் ஆப்புவடிவத் தகடு இடப்படும். கேம்பரோ அச்சிலேயே நிலையாக அமைந்தது.

சோதனை ஓட்டத்துக்கு நானுஓயாவின் ரதெல்ல குறுக்கு வீதியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. செங்குத்தான அந்த இறக்கம் 2023 ஜனவரியில் ஏழு உயிர்களைப் பறித்த விபத்தைக் கண்டது, இப்போதுதான் கழற்றி மாட்டிய வண்டிக்கு அது இடமன்று. தலவாக்கலைப் பக்கமாக ஏ7 வீதியில் மெதுவாகச் சில கிலோமீற்றர் ஓட்டி, ஸ்டியரிங் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கவனித்துத் திரும்பி, நாலு போல்ட்டுகளின் இறுக்கத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓடியபின் இன்னொரு முறை பார்ப்பது கட்டாயம். பழைய, புதிய அடுக்குகளின் தடிப்பு, நங்கூர போல்ட்டின் சுற்றுகள், அளந்த கோணங்கள் ஆகியவற்றைத் திகதியோடு எழுதி, வானின் பதிவுப் புத்தகத்தோடு வைத்துவிடுக; வான் கைமாறும் நாளில் அந்தத் தாளையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடுக.